அப்டேட் முடிஞ்சதும் கிராபிக்ஸ் கார்டு காணோமா? மதர்போர்டை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

"டேய், நேத்து ராத்திரி லேப்டாப் ஏதோ அப்டேட் கேட்டுச்சு, சரின்னு ஓகே குடுத்தேன். காலைல பார்த்தா எழுத்தெல்லாம் பெருசு பெருசா மங்கலா தெரியுது. பக்கத்துல வச்சிருக்கிற மானிட்டர்ல படமே வரல. கடையில கேட்டா மதர்போர்டு மாத்தணும்ங்கிறாங்க..."

தாராசுரத்தில் பட்டுப்புடவைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் என் பெரியப்பா மகன் போனில் சொன்னது இது. முகூர்த்த சீசன். தறிக்குப் போக வேண்டிய பார்டர் டிசைன்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. மதர்போர்டு மாற்றுவது என்றால் செலவு பாதி லேப்டாப் விலைக்கு வந்து நிற்கும். அதோடு பல நாள் வேலையும் போகும்.

கடைசியில் மதர்போர்டு மாற்றாமலேயே சரியானது. ஒரு ரூபாய் செலவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு கிராபிக்ஸ் கார்டு 'செத்துவிட்டது' போலத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது செட்டிங்கையும் டிரைவரையும்தான். ஏன், எப்படி? பார்க்கலாம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வருவதில்லை. அதற்கு முன்பே மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கும் புரோகிராம் வேலையை ஆரம்பித்துவிடும். அதுதான் ஃபர்ம்வேர். நாம் வழக்கமாக பயாஸ் என்று சொல்வோம். இப்போதைய லேப்டாப்களில் இருப்பது அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ.

ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எங்கே, கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா, அதற்கு எப்போது மின்சாரம் கொடுக்கணும், ஃபேன் எந்தச் சூட்டில் சுற்றணும் என்பதையெல்லாம் விண்டோஸுக்குச் சொல்வது இதுதான். இதில் ஒரு வரி மாறினால்கூட, நன்றாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டு விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

இந்த அப்டேட் இப்போது நாம் தேடிப் போய் போடுவதாக மட்டும் இல்லை. பல லேப்டாப்களில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடுகிறது. அதனால்தான் 'நான் எதுவுமே பண்ணலையே' என்று பலரும் சொல்கிறார்கள்.

ஒரு தலை, இரண்டு உடல்

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் அந்தச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து தலை ஒன்றுதான். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் காலத்தில் எழுந்த கோயில் இது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

டிசைன், வீடியோ எடிட்டிங், கேமிங் லேப்டாப்கள் ஏறக்குறைய அந்தச் சிற்பம் மாதிரிதான். ஸ்க்ரீன் ஒன்று, கிராபிக்ஸ் இரண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் ஒன்று. என்விடியா அல்லது ஏஎம்டியின் தனி கிராபிக்ஸ் சிப் இன்னொன்று. மெயில் பார்க்கும்போது சின்னது வேலை செய்யும், பேட்டரி மிச்சமாகும். கனமான வேலை வந்தால் பெரியது எழுந்துகொள்ளும்.

பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸை வைக்கும் இந்த வகையில் ஏஎம்டி 2014 ஜனவரியில் வெளியிட்ட ஒரு சிப் வரிசைக்கு என்ன பெயர் தெரியுமா? 'காவேரி'. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொன்றின் பெயர் 'கபினி'. நம்ம டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் ஆறும் அதன் துணையாறும்தான்!

எந்த உடலைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்யும் 'கை' ஃபர்ம்வேரிடம் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு அந்தக் கை தவறான பக்கத்தை மறைத்துவிட்டால், 'கார்டு போயிடுச்சு' என்று நாம் பதறுகிறோம்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல

2021 டிசம்பரில் டெல் லேட்டிட்யூட் 5320, 5520 உள்ளிட்ட சில மாடல்களில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்று பயனர்கள் புகார் சொன்னார்கள். 2024 மே மாத இறுதியில் எச்பி புரோபுக் 445 ஜி7, 455 ஜி7 மாடல்களில் இதே மாதிரி புகார். விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த பயாஸுக்குப் பிறகு லேப்டாப் எழவே இல்லை என்றார்கள்.

2025 செப்டம்பரில் ஆசுஸ் கேமிங் லேப்டாப்கள் சிலவற்றில் படமும் ஒலியும் விட்டுவிட்டு வரும் கோளாறை ஒரு பயனரே ஆராய்ந்து வெளியிட்டார். தனி கிராபிக்ஸ் சிப்புக்கான மின்சாரத்தை ஃபர்ம்வேர் கையாளும் விதத்தில் பிழை என்பது அவர் கண்டுபிடிப்பு. பிரச்சினையை ஒப்புக்கொண்ட நிறுவனம், புதிய பயாஸ் மூலம் சரிசெய்யத் தொடங்கியது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2008 ஜூலையில் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களின் தயாரிப்புக் குறைபாட்டுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. அப்போது டெல் போன்ற நிறுவனங்கள் ஃபேனை அதிக நேரம் சுற்ற வைக்கும் பயாஸ் அப்டேட்டைக் கொடுத்தன. சூடு குறைந்தது, சிப்பின் ஆயுள் கொஞ்சம் நீண்டது. ஆனால் குறை சிப்பிலேயே இருந்ததால் அப்டேட்டால் அதைக் குணப்படுத்த முடியவில்லை.

ஆக, ஃபர்ம்வேரால் வந்த கோளாறு ஃபர்ம்வேரால் போகும். ஹார்டுவேர் கோளாறு அப்படிப் போகாது. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

எதையும் தொடும் முன்: டேட்டா, பிட்லாக்கர் கீ

ஸ்க்ரீன் மங்கலாகவாவது தெரிகிறதா? முதலில் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் செட்டிங்கை மாற்றினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து கீயை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீ இல்லையென்றால் கார்டு சரியாகியும் டேட்டா கைக்கு வராது.

படிப்படியாகச் சோதிப்பது எப்படி?

1. கொஞ்சம் பொறுங்க: அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை ஆன் ஆகும்போது சில நிமிடங்கள் ஸ்க்ரீன் கறுப்பாகவே இருக்கலாம். ரேமை மறுபடி சோதித்துப் பழகும் நேரம் அது. பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது என்றால் 10, 15 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள்.

2. மின்சாரத்தை முழுதாக வடிய விடுங்க: ஷட்டவுன் செய்து, சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். சாதாரண ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அதனால் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுப்பது நல்லது.

3. ஸ்க்ரீனா, கார்டா என்று பிரிச்சுப் பாருங்க: கறுப்பு ஸ்க்ரீன் என்றால் மொபைல் டார்ச்சை சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பிரச்சினை ஸ்க்ரீன் வெளிச்சத்தில். ஒன்றுமே தெரியவில்லை என்றால் டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு கீகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆகும். படம் திரும்பினால் குற்றவாளி டிரைவர்தான்.

4. டிவைஸ் மேனேஜர் என்ன சொல்லுது?: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறங்கள். இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும்.

'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவர் ஓடவில்லை என்று அர்த்தம். எழுத்து மங்கலாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'-ம் வந்தால், சாதனம் ஏதோ கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. டிரைவராகவும் இருக்கலாம், ஹார்டுவேராகவும் இருக்கலாம். தனி கார்டின் பெயரே இல்லை என்றால் அடுத்த படிக்குப் போங்க.

5. பயாஸ் செட்டிங்: லேப்டாப் ஆன் ஆகும்போதே எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலானவற்றில் பயாஸ் திறக்கும். எச்பி என்றால் எஃப்10. எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

கிராபிக்ஸ் மோட் அல்லது டிஸ்ப்ளே மோட் என்று ஒன்று இருக்கும். உள்கிராபிக்ஸ் மட்டும் என்று மாறியிருந்தால், 'ஹைப்ரிட்' அல்லது 'ஸ்விட்சபிள்' என்பதைத் தேர்வு செய்து சேமியுங்கள். இந்தச் செட்டிங் சில மாடல்களில் பயாஸில் இல்லாமல், நிறுவனம் கொடுக்கும் ஆப்பில் இருக்கும். டிஸ்க் தொடர்பான ரெய்டு, ஏஹெச்சிஐ செட்டிங் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது மாறினால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

6. டிரைவரைப் புதுசா போடுங்க: லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, சிப்செட் டிரைவர், உள்கிராபிக்ஸ் டிரைவர், தனி கார்டு டிரைவர் மூன்றையும் டவுன்லோடு செய்யுங்கள். பழைய டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு இதே வரிசையில் போடுங்கள். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் நடுவில் புகுந்து தனக்குத் தெரிந்த டிரைவரைப் போட்டுவிடும்.

7. பழைய பயாஸுக்குத் திரும்பலாமா?: முதலில் அதைவிடப் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழையது. பாதுகாப்புக் காரணங்களுக்காக சில மாடல்களில் பின்னோக்கிப் போக அனுமதி இருக்காது. வலுக்கட்டாயமாக முயலாதீர்கள். வேறு இணையதளங்களில் கிடைக்கும் பயாஸ் ஃபைலும் வேண்டாம்.

லேப்டாப் எழவே இல்லையென்றால், மீட்பு வசதி உள்ள மாடல்களில் ஒரு வழி உண்டு. எச்பியில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்த வேண்டும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் கீகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும்.

எப்போது உண்மையிலேயே ஹார்டுவேர் கோளாறு?

பயாஸ் திரையிலேயே கோடுகள், கலர் புள்ளிகள் தெரிகின்றனவா? கனமான வேலை கொடுத்த சில நிமிடங்களில் சூடாகி அணைகிறதா? பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்தாலும் தனி கார்டு தெரியவில்லையா? அப்படியென்றால் சிப்பிலோ போர்டிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். டெஸ்க்டாப் மாதிரி கார்டை மட்டும் கழற்றி மாட்ட முடியாது. 'மதர்போர்டு மாத்தணும்' என்று கடையில் சொல்வது இதனால்தான். அதனால் அந்த முடிவு முதல் சோதனையாக இல்லாமல் கடைசிச் சோதனையாக இருக்க வேண்டும். ஹீட் கன் வைத்து சிப்பைச் சூடாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தாங்கினாலும் கொஞ்ச நாள்தான்.

கடையில் இதைக் கேளுங்க

பயாஸில் கார்டு தெரியுதா, டிரைவரை மாத்திப் பார்த்தீங்களா, பயாஸ் சிப்பை மட்டும் திரும்ப எழுதிப் பார்க்கலாமா? இந்த மூன்று கேள்விகள் போதும். கெட்டுப்போன ஃபர்ம்வேரை புரோகிராமர் என்ற சின்னக் கருவி மூலம் அந்தச் சிப்பில் மறுபடி எழுத முடியும். மதர்போர்டு விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

வாரன்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே வேண்டாம். நிறுவனம் கொடுத்த அப்டேட்டால் பழுதானது என்றால் தேதி, பயாஸ் பதிப்பு எண், ஸ்க்ரீன் போட்டோ மூன்றையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அடுத்த முறை அப்டேட் வந்தால்...

பயாஸ் அப்டேட்டை ஒரேயடியாகத் தவிர்க்கவும் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். ஆனால் கையில் அவசர வேலை இருக்கும்போது வேண்டாம், வேலை முடிந்த பிறகு போடுங்கள். சார்ஜரும் இருக்கணும், பேட்டரியும் நிறைந்திருக்கணும். பராமரிப்புப் பணிக்காக மின்நிறுத்தம் என்று அறிவிப்பு வந்த நாளில் நிச்சயம் வேண்டாம். பாதியில் அணைந்தால் லேப்டாப் எழாமலே போகலாம்.

சரி, தாராசுரத்தில் என்ன நடந்தது? தனி கார்டு டிவைஸ் மேனேஜரில் இல்லவே இல்லை. அந்த மாடலில் எச்டிஎம்ஐ இணைப்பு தனி கார்டு வழியாகத்தான் போகிறது. மானிட்டரில் படம் வராததற்கு அதுதான் காரணம். பயாஸைத் திறந்து பார்த்தால், கிராபிக்ஸ் மோட் உள்கிராபிக்ஸுக்கு மாறியிருந்தது. ஹைப்ரிட் வைத்தோம். ரீஸ்டார்ட் ஆனதும் எதிர்பார்த்தபடியே பிட்லாக்கர் கீ கேட்டது. எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். பிறகு மூன்று டிரைவர்களையும் வரிசையாகப் போட்டதும் மானிட்டரில் பார்டர் டிசைன் பளிச்சென்று வந்தது.

எல்லாருக்கும் இதே படியில் தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மதர்போர்டுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், செலவில்லாத இந்தப் படிகளை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள்.