பாரதத்தின் பாட்டனாரும் அவர்தம் பேத்திமாரும்

குஜராத்தி பாஷையில் 'தாதா' என்றால் தந்தையைப் பெற்ற பாட்டன் என்று பொருள். தாதாபாய் நௌரோஜி என்னும் பெரியாருக்கு அப்பெயரை இட்ட பெற்றோர், ஒரு காலத்தில் முப்பது கோடி ஜனங்களும் அவரை அம்முறை கொண்டாடுவார்கள் என்று நினைத்திருக்க நியாயமில்லை. அவர் பிறந்தது 1825-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி. 2025-ஆம் வருஷம் அதே தேதியில் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அவரைப்பற்றிப் பேசப் புகுவோர், மூன்று முறை காங்கிரஸின் அக்கிராசனர், ஆங்கிலப் பார்லிமெண்டில் அமர்ந்த முதல் இந்தியர், தேசத்தின் செல்வம் கடல் கடந்து வடிந்தோடுவதைக் கணக்கிட்டுக் காட்டியவர் என்று அடுக்குவது வழக்கம். அவை யாவும் மெய்யே. ஆயினும், அப்பெருங்கிழவர் ஒரு வீட்டின் பாட்டனாராகவும் இருந்தார் என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர். அந்த வீட்டின் கதையைச் சிறிது சொல்லுவோம்.

தாதாபாய்க்கு நான்கு வயதாகும்போது தந்தையார் காலமாயினார். புரோகிதக் குடும்பம், கையில் பொருள் இல்லை. தாயார் மாணிக்பாய் எழுதப் படிக்க அறியாதவர். இளம் பிராயத்தில் கணவனை இழந்தும் மறுமணத்தை நாடாமல், தம் சகோதரரின் துணையோடு ஒரே மகனை வளர்த்தார். தம்மைத் தாமாக்கியவள் தம் தாயே என்று தாதாபாய் முதுமையில் எழுதி வைத்திருக்கிறார். அக்காலப் பம்பாயில் சம்பளமின்றிக் கல்வி கற்பித்த பள்ளிக்கூடம் ஒன்று இருந்ததனாலேயே அவருக்குப் படிப்பு வாய்த்தது. ஏழைகள் கொடுத்த பணத்தில் படித்தோம், ஆகவே நம் வாழ்வு அவ்வேழைகளுக்கே கடன்பட்டது என்ற எண்ணம் வாலிபத்திலேயே அவர் மனத்தில் வேரூன்றியது. சட்டம் பயின்றவர்களுக்கு இக்கடனின் தன்மை நன்கு விளங்கும். பத்திரம் எழுதாத கடன். ஆயினும் அவர் அதை எழுபது வருஷம் தவணை தவறாமல் அடைத்து வந்தார்.

சிறு வயதில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அக்குடும்பங்களில் சாப்பாட்டுக்கு முன் சிறிது மது அருந்தும் வழக்கம் உண்டு. ஒரு நாள் வீட்டில் மது இல்லாமையால், எதிரேயிருந்த சாராயக் கடைக்குச் சிறுவனைப் போய்க் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். அக்கடை வாயிலில் நின்றபோது உண்டான அவமானம் உயிருள்ளவரை அவரை விட்டு நீங்கவில்லை. அன்றோடு அவ்விடம் போவது நின்றது.

மற்றொன்று பள்ளியில் நடந்தது. மனக்கணக்கில் பரிசுப் போட்டி. கேள்விப் புத்தகத்தை முழுவதும் நெட்டுருப் போட்டிருந்த ஒரு பையன் முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். பரிசளிப்புச் சபையில் யாரோ புத்தகத்தில் இல்லாத கேள்வியொன்றைக் கேட்டார்கள். அவன் விழித்தான், தாதாபாய் பளிச்சென்று விடை சொன்னார். சபையிலிருந்த கனவான் ஒருவர் அவ்விடத்திலேயே தனிப் பரிசு கொடுத்தாராம். பின்னாளில் இந்தியா மந்திரி காரியாலயத்தார் நெட்டுருப் போட்ட புள்ளிகளை ஒப்புவிக்கும்போதெல்லாம், புத்தகத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டவர் இவரே.

மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கலாம் என்று பம்பாய்ப் பிரதம நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி துரை முன்வந்து, பாதிச் செலவைத் தாமே தருவதாகவும் சொன்னார். மதம் மாற்றிவிடுவார்கள் என்று பார்ஸிப் பெரியவர்கள் அஞ்சியதால் அது நின்றுபோயிற்று. வக்கீல் தொழில் இழந்த அம்மனிதரைக் கணித சாஸ்திரம் ஏற்றுக்கொண்டது. எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணிதப் பேராசிரியராக அமர்ந்த முதல் இந்தியர் ஆனார்.

அக்கால வழக்கப்படி அவருக்குப் பதினோராம் வயதில் விவாகம்; மணப்பெண் குல்பாய்க்கு வயது ஏழு. தாய்க்கும் மனைவிக்கும் எழுத்தறிவு இல்லாத அவ்வீட்டிலிருந்து புறப்பட்டு, 1849-ஆம் வருஷம் தாதாபாயும் அவர் நண்பர்களும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாலிப ஆசிரியர்கள் சம்பளமின்றிக் கற்பித்தார்கள். வீடு வீடாகச் சென்று பெண்களை அனுப்புமாறு கெஞ்சினார்கள். படியிலிருந்து உருட்டிவிடுவோம் என்று சீறிய தந்தைமாரும் உண்டு. எழுத்தறியாத மாணிக்பாய் ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் மகனுக்குத் துணை நின்றார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பள்ளிக்கூடத்தின் பலனை இவ்வீட்டின் நான்காம் தலைமுறையில் காணப்போகிறோம்.

1855-இல் காமா கம்பெனியின் கூட்டாளியாக லண்டன் சென்றார். அபினியும் மதுவும் விற்ற லாபத்தில் தமக்குப் பங்கு வேண்டாமென்று பின்னர் விலகி, 1859-இல் சொந்தத்தில் பஞ்சு வியாபாரம் தொடங்கினார். வியாபாரத்தில் அவர் பெருஞ்செல்வம் சேர்க்கவில்லை. கணக்கெழுதும் பழக்கம் மட்டும் தேசத்துக்குப் பயன்பட்டது. சர்க்கார் அறிக்கைகளையே சாட்சியாக வைத்து, இந்தியன் ஒருவனுக்கு வருஷத்துக்குச் சராசரி வருமானம் இருபது ரூபாய் என்று நிலைநாட்டினார். அதோடு விடவில்லை. சிறைச்சாலையில் ஒரு கைதிக்குக் கொடுக்கும் உணவுக்கும் துணிக்கும் சர்க்கார் எவ்வளவு செலவிடுகிறது என்ற கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியே உழுது பாடுபடும் குடியானவன், உள்ளே தண்டனை அனுபவிக்கும் கைதி அளவுகூட உண்ண வழியில்லை என்பது அவர்கள் எழுத்திலிருந்தே வெளிப்பட்டது. குறுக்கு விசாரணை என்றால் இதுவே குறுக்கு விசாரணை.

1888-இல் பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபு, ஆங்கில வாக்காளர் ஒரு கறுப்பு மனிதனைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று இவரைக் குறித்து இகழ்ந்தார். 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியார் ஐந்து வாக்கு அதிகப்படியால் இவரையே தேர்ந்தெடுத்தார்கள். சொற்ப வித்தியாசத்தைக் கிண்டல் செய்து, 'நௌரோஜி' என்ற பெயரை 'நாரோ மெஜாரிட்டி' என்று திரித்து நகைத்தார்கள் எதிர்க்கட்சியார். ஐந்து பேரால் வென்றவருக்கும் ஐயாயிரம் பேரால் வென்றவருக்கும் சபையில் ஓர் ஆசனந்தானே!

இவ்வெற்றிக்கு அடுத்த வருஷத்தில்தான் அவ்வீட்டுக்குப் பேரிடி விழுந்தது. தாதாபாயின் ஒரே மகன் அர்தேஷிர் ஒரு வைத்தியர். கச்சு சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து வந்தார். 1893-இல், முப்பத்துநான்காம் பிராயத்தில், திடீரென்று மாரடைப்பால் மாண்டார். மனைவி வீர்பாயும் எட்டுக் குழந்தைகளும் தவித்து நின்றார்கள். தந்தையோ கடலுக்கு அப்பால், வெஸ்ட்மின்ஸ்டர் சபையில், பாரத தேசத்தின் வறுமையைப் பேசிக்கொண்டிருந்தார். மகனுடைய முகத்தைக் கடைசியாகக் காணும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை.

அவ்வருஷம் டிஸம்பரில் லாகூர்க் காங்கிரஸில் அக்கிராசனம் வகிக்க அவர் தாய்நாடு திரும்பினார். பம்பாய்த் துறைமுகத்தில் திரண்ட கூட்டத்துக்கு அளவில்லை. வழிநெடுக ரயில் நிலையங்களில் மாலைகள்; அமிருதசரஸில் பொற்கோயிலில் மரியாதைப் பட்டு. அந்த மாலைகளைக் கழுத்தில் ஏற்றவர், மகனைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன அறுபத்தெட்டு வயதுக் கிழவர். வீட்டில் தகப்பனில்லாத எட்டுக் குழந்தைகள். அவர்களில் பெரின் என்னும் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. தாதாபாய்க்கு நான்கு வயதில் நேர்ந்ததே அவர் பேத்திக்கு ஐந்து வயதில் நேர்ந்தது. லாகூரில் காரியம் முடிந்ததும் அவர் வீட்டோடு தங்கியிருக்கலாம். உலகம் குறை சொல்லியிராது. பார்லிமெண்டு கூடும் காலமாயிற்று என்று மீண்டும் கப்பலேறினார். தேசத்துக்கு அவர் கொடுத்த விலை இன்னதென்று எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் எழுதவில்லை. அதில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் குல்பாயும் வீர்பாயும் அக்குழந்தைகளுமே என்பது நம் அபிப்பிராயம். தேசபக்தர்களின் சரித்திரங்களில் இவ்வகைச் செலவினம் ஏனோ விட்டுப்போகிறது.

வெல்பி கமிஷனில் அங்கத்தினராக இருந்து அதற்குச் சாட்சியமும் அளித்தவர் அவர். 1897-இல் அந்தக் கமிஷன் முன் சாட்சி சொல்லச் சென்னையிலிருந்து லண்டன் சென்றவர், 'சுதேசமித்திரன்' ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய அய்யர். தமிழ்நாட்டுப் பத்திரிகை உலகம் அப்பாட்டனாரின் கணக்குப் புத்தகத்தை நேரில் கற்றது அவ்வகையில்தான். பாரதியார் அவர்மீது பாட்டே பாடினார். மாணவராக லண்டன் சென்ற காந்தியடிகள் அவரைக் கூச்சத்தோடு போய்க் கண்டவர். பின்னாளில் அவருடைய காரியாலயத்தை வர்ணித்திருக்கிறார். எட்டடிக்கு ஆறடி இருக்கக்கூடிய மச்சறை, இன்னொரு நாற்காலி போட இடமில்லை, காகிதக் குவியல், கடிதங்களுக்குத் தாமே பிரதி எடுத்துக்கொள்ளும் கிழவர்.

1906-இல் கல்கத்தாக் காங்கிரஸ். எண்பத்தோராம் வயது. குரல் எழும்பவில்லை, பிரசங்கத்தின் பெரும்பகுதியைக் கோகலே வாசித்தார். சுயராஜ்யம் என்ற சொல் காங்கிரஸ் அக்கிராசனப் பீடத்திலிருந்து ஒலித்தது அப்போதுதான். மறு வருஷம் இங்கிலாந்தை விட்டு வந்து, பம்பாய்க்கு அடுத்த வெர்ஸோவாக் கடற்கரையில் பேரன் பேத்திகளோடு வசிக்கலானார். அரை நூற்றாண்டு அலைந்த பாட்டனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பேத்திமார் வளர்ந்த பெண்களாகிவிட்டார்கள். தொண்ணூறாம் வயதில் அன்னி பெஸண்டு அம்மையார் சுயாட்சிச் சங்கத்துக்குத் தலைமை ஏற்க வேண்டியபோது, உடல்நிலையைக் காரணங்காட்டி ஒதுங்காமல் இசைந்தார். 1917 ஜூன் மத்தியில் சென்னைச் சர்க்கார் அவ்வம்மையாரைக் காவலில் வைக்க உத்தரவிட்டனர். அம்மாதம் 30-ஆம் தேதி தாதாபாய் உயிர் நீத்தார்.

இனிப் பேத்திமாரைப் பார்ப்போம். பெரின், பாரிஸ் நகரில் பிரெஞ்சு இலக்கியம் கற்றவர். அங்கே காமா அம்மையாரின் புரட்சிக் கூட்டத்தோடு பழகி, 1910-இல் லண்டனில் சாவர்க்கர் கைதானபோது அவரை விடுவிக்கும் முயற்சியிலும் கலந்துகொண்டார். மகா யுத்தத்துக்குப் பின் காந்தியடிகளைக் கண்டு கதர் உடுத்தார். கோஷி, நர்கிஸ், பெரின் ஆகிய மூவரும் 'கேப்டன் சகோதரிகள்' என்று பம்பாயில் பெயர் பெற்றனர். 1921-இல் தோன்றிய ராஷ்டிரிய ஸ்திரீ சபையில் உழைத்து, சீமைப் பட்டு உடுத்திய பார்ஸிக் குடும்பங்களின் வாசலுக்குக் கதர் மூட்டையைக் கொண்டு சென்றனர். பெரின் பம்பாய் மாகாணக் காங்கிரஸ் கமிட்டியின் தலைமையை வகித்த முதற் பெண்மணி. சட்ட மறுப்பில் சிறை புகுந்தவர். 1954-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்று 1958-இல் காலமானார்.

குர்ஷெத்பென் என்னும் பேத்தியின் கதை இன்னும் விசித்திரமானது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் தேர்ந்த பாடகி. அரங்க வாழ்வை உதறிவிட்டுச் சபர்மதி வழியே வந்து, 1930-களில் வடமேற்கு எல்லை மாகாணத்துக்குச் சென்றார். கான் அப்துல் கபார் கானின் தொண்டர்களிடையே, பட்டாணியக் கிராமங்களில் தனியாக உலவினார். ஆட்களைப் பிடித்துச் சென்று பணம் கேட்கும் கூட்டத்தாரை நேரில் கண்டு, அத்தொழிலை விடும்படி வாதாடினார். துப்பாக்கி இல்லாமல் எல்லைப்புறத்தில் ஒரு பெண் இவ்வாறு நடமாடியது சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. 1940-இல் கைது செய்து காவலில் வைத்தார்கள்.

விண்ணப்பம் எழுதிய பாட்டனாருக்குச் சட்டத்தை மீறும் பேத்திகள் பிறந்தார்களே, இது அவருடைய வழி தோற்றதற்கு அத்தாட்சி அன்றோ என்று வாலிப நண்பர்கள் கேட்பார்கள். இதே கேள்விக்குக் காந்தியடிகள் 1909-இல் எழுதிய 'ஹிந்து ஸ்வராஜ்' நூலில் விடை தேடியிருக்கிறார். தாதாபாயை ஏளனம் செய்யும் வாசகனை அந்நூலின் பத்திராதிபர் கண்டிப்பதைக் காணலாம். நம் கருத்து இது: வழக்கு நடத்துகிறவன் முதலில் தஸ்தாவேஜுகளைச் சேர்க்க வேண்டும். தாதாபாய் சேர்த்தார். பிரிட்டிஷ் நியாயத்தில் அவர் வைத்த நம்பிக்கை மிகையானது என்பதை 1901-இல் வெளியிட்ட தம் பெருநூலின் பெயரிலேயே, பிரிட்டிஷ் தன்மைக்கு ஒவ்வாத ஆட்சி என்று எழுதி, பாதி ஒப்புக்கொண்டுவிட்டார். மீதிப் பாதியைப் பேத்திமார் ஒப்புக்கொண்டார்கள். குடியானவனுடைய உணவைவிட மேலென்று பாட்டனார் கணக்கெழுதிய அந்தச் சிறைச் சோற்றை அவர்களே உண்டு பார்த்தார்கள்.

நம் வீடுகளில் பாட்டன்மாருடைய கடிதங்கள் பெரும்பாலும் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. தாதாபாயின் வீட்டில் அவ்வாறு நேரவில்லை. அவர் துண்டுச் சீட்டையும் எறியாதவர். தமக்கு வந்த கடிதம், தாம் எழுதியதன் பிரதி, கடைக்காரனுடைய ரசீது எல்லாம் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருந்தன. ஆர். பி. மசானி அவற்றைப் படித்து 1939-இல் விரிவான சரித்திரம் வெளியிட்டார். காந்தியடிகள் அதற்கு முன்னுரை எழுதினார். சுமார் 30,000 காகிதங்கள் புது தில்லித் தேசீய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக்கொண்டு தின்யார் படேல் என்னும் சரித்திராசிரியர் 2020-இல் புதிய நூலொன்று எழுதினார். மந்திரிகளுக்கு எழுதிய மனுக்களும் பெயர் தெரியாத எளியவர்களுக்கு எழுதிய பதில்களும் அக்கட்டுகளில் ஒன்றின்மேலொன்றாகக் கிடக்கின்றன.