கார் திரைக்கும் தீம் மாற்றலாம்

கம்ப்யூட்டரில் வால்பேப்பரையும் நிறத்தையும் மாற்றப் பழகிவிட்டீர்களா? காரின் டேஷ்போர்டில் உள்ள தொடுதிரையிலும் இதைச் செய்யலாம். கம்ப்யூட்டரில் இது அழகுக்காக. காரில் பாதுகாப்புக்காகவும் தேவை.

காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவிலுக்கு இரவில் வரும்போதெல்லாம் இதை நான் உணர்கிறேன். வெள்ளையாக ஒளிரும் திரையைப் பார்த்துவிட்டு இருட்டுச் சாலையைப் பார்த்தால், கண் பழகச் சிறிது நேரமாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும்.

காரை நிறுத்திவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். போனை ஆண்ட்ராய்டு ஆட்டோ மூலம் இணைத்திருந்தால், அதன் செட்டிங்ஸில் மேப்புக்கான பகல்/இரவு தேர்வு இருக்கும். அதில் 'ஆட்டோமேட்டிக்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பல கார்களில் ஹெட்லைட்டைப் போட்டதும் திரை தானாகவே கறுப்பாகிவிடும். ஐபோன்காரர்கள் கார்ப்ளே செட்டிங்ஸில் 'அப்பியரன்ஸ்' பகுதியில் இதையே செய்யலாம். எப்போதும் கறுப்பாகவே இருக்கும்படி வைக்காதீர்கள். கன்னியாகுமரி உச்சி வெயிலில் கறுப்புத் திரையைப் படிப்பது சிரமம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வால்பேப்பர் வசதி 2021-ல் வந்தது. அதில் தரப்படும் படங்களில் அடர்நிறப் படமே இரவுக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை: யாரோ தரும் 'இலவச தீம்' ஃபைல்களைக் கார் திரையில் ஏற்றாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸ் கேமரா காட்சியும் அதே திரையில்தான் தெரிகிறது. திரை முடங்கினால் பின்னால் நிற்கும் குழந்தையை அது காட்டாது.