தஞ்சைக் கல்வெட்டில் தொண்டர் குடிகள்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசரை நாம் அறிவோம். ஆயினும் அவர் காலத்துத் தஞ்சை மாநகரில் வாழ்ந்து, பெருமானுக்கு நாள்தோறும் பணிசெய்த குடிகள் யாவர்? எவ்வூரினின்று வந்தனர்? இவற்றிற்கு விடை அத்திருக்கோயிலின் சுவர்களிலேயே உள்ளது. தாம் அளித்தவற்றோடு, தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு அம்மன்னர் பணித்தார். அதனால் கொடுத்தோர் பெயரோடு தொண்டு செய்தோர் பெயரும் நமக்குக் கிடைத்தன.

அவற்றுள் தலையாயது கி.பி. 1014-ஐ ஒட்டிய தளிச்சேரிக் கல்வெட்டு. தளி என்பது கோயில். தளிச்சேரி என்பது கோயிற் பணியாளர் குடியிருப்பு. சோழமண்டலத்துப் பிற தளிச்சேரிகளினின்று கொண்டுவரப்பட்டுத் தஞ்சையில் குடியேற்றப்பட்ட நானூறு பெண்டிர் அதில் குறிக்கப்பெறுகின்றனர். தெரு, அதன் சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என வரிசையாக எழுதி, அவ்வீட்டில் வாழ்பவர் பெயரையும் அவர் முன்பு பணிசெய்த திருக்கோயிலையும் கல்வெட்டுக் கூறுகிறது. ஒருவருக்குப் பங்கு ஒன்று. பங்கிற்கு ஆண்டுதோறும் நெல் நூறு கலம்.

அப்பெயர்களைக் காண்க: சேரமங்கை, பரவை, எடுத்தபாதம், தில்லையழகி. எடுத்தபாதம் என்பது அம்பலவாணரின் தூக்கிய திருவடியன்றோ! ஒவ்வொரு பெயர்க்கும் முன் ‘நக்கன்’ என்னும் சிவபெருமான் திருநாமம் நிற்கிறது. ஒரே பெயருடையார் பலர் இருப்பினும், திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என முன்னைய ஊர் கொண்டு அவர்களை வேறு பிரித்து அறியலாம்.

இவர்களேயன்றித் திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்போர் இருவரும் ஆக ஐம்பதின்மர், நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் பெற்றனர். திருவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க, தொண்ணூற்றாறு ஆடுகளை ஏற்ற இடையர்களும் பெயர் பெயராகக் குறிக்கப்பெற்றுள்ளனர். தச்சர், தட்டார், கன்னார், ஈரங்கொல்லிகள், நாவிதர், தையலர் ஆகியோரும் கணக்கில் உண்டு.

இனி, நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. பங்கு பெற்றவர் இறந்தாலும், வேற்றூர் சென்றாலும், அவருக்கு அடுத்த உரிமையுடைய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்க என்கிறது கல்வெட்டு. அவ்வுறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவராயின், தகுதியுடையாரைத் தேர்ந்து செய்விக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. குடிவழி உரிமையைத் தந்தது. தகுதியோ அவ்வுரிமையைக் காத்தது. பரம்பரை உண்டென்று கல்லாதிருப்பார்க்கு இடமில்லை. கற்றவன் உறவல்லன் என்று விலக்கவும் இடமில்லை. பதிகம் பயில இளைஞரை நாடும் நம் காலத்திற்கும் இதனினும் நல்ல நெறி வேண்டுமோ!

பிற்காலத்தில் தேவரடியார் வாழ்வில் நுழைந்த இழிவுகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நீக்கியது, அது தக்கதே. ஆயினும் பின்னையோர் செய்த பிழையை முன்னையோர்மேல் ஏற்றி இந்நானூற்றுவரை இகழ்தல் அடாது. மன்னரின் திருக்கோயிற் சுவரில், வீடு குறித்து, ஊர் குறித்து, பெயர் குறித்துப் பொறிக்கப்பட்டவர் அவர்.

ஆயிரம் ஆண்டு கழிந்தும் அக்கல்லெழுத்து நிலைத்துள்ளது. திருவிழாவிற்குச் செல்லும் அன்பர்கள், திருச்சுற்றை வலம் வருங்கால் அவ்வெழுத்தின்முன் சிறிது நின்று, விளக்கிட்டாரையும், பாடினாரையும், ஆடினாரையும் நினைந்து வணங்குவோமாக. அடியார்க்குச் செய்யும் வணக்கம் அரனடிக்கே சேரும். திருச்சிற்றம்பலம்.