கோயில் ஒலிபெருக்கியும் பாட்டுக்கு உரியவரும்



நம் அறவாரியத்தின் ஆண்டுக் கணக்கில் "இசை உரிமக் கட்டணம்" என்றொரு வரியைக் கண்ட அன்பர்கள் சிலர், "சாமி பாட்டுக்கும் காசு கட்ட வேண்டுமா? அந்தப் பணம் அன்னதானத்திற்கு ஆகுமே!" என்று கேட்கிறார்கள். நன்கொடை தந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விளக்கம் தருவது நிர்வாகக் குழுவின் கடமை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பாட்டு யாருடைய சொத்து?

பலர் இதனைக் காப்புரிமை என்கிறார்கள். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பாட்டுக்கும் நூலுக்கும் உள்ளது பதிப்புரிமை. மலேசியாவில் இதற்கு 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது.

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு சொத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, பாடலாசிரியர் எழுதிய வரிகளும் இசையமைப்பாளர் அமைத்த மெட்டும். மற்றொன்று, அதைப் பாட வைத்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்தின் உடைமையாக இருக்கும்.

இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தேவாரமும் திருப்புகழும் எல்லாருக்கும் பொது. நம் ஓதுவார் சந்நிதியில் நின்று பாடினால் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே தேவாரத்தை இக்காலப் பாடகர் ஒருவர் பாடி வெளியிட்ட குறுந்தட்டை ஒலிபெருக்கியில் போட்டால், அந்தப் பதிவுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். பதிகம் பொதுவாக இருந்தாலும் பதிவு பொதுவன்று.

எத்தனை ஆண்டுகள்?

இந்த உரிமை நிரந்தரமானதன்று. மலேசியச் சட்டப்படி படைப்பாளர் மறைந்தபின் 50 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். பாபநாசம் சிவன் அவர்கள் 1973இல் மறைந்தார். ஆகவே அவருடைய கீர்த்தனைகள் நம் நாட்டில் 2023 முடிவோடு பொதுவாகிவிட்டன. இந்தியாவிலோ 2033 முடியும்வரை உரிமை உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் கிருதிகளுக்கு எங்கும் தடையில்லை. 1981இல் மறைந்த கவியரசு கண்ணதாசனின் வரிகளுக்கு இங்கே 2031 முடியும்வரை உரிமை இருக்கிறது.

மகாகவி பாரதியார் பாடல்களின் வரலாறு தனியானது. அவற்றின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. உரியவரிடம் முறையாகப் பெற்ற பிறகே அது பொதுச்சொத்தாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யாரிடம் கட்டுவது?

ஒவ்வொரு கவிஞரையும் தேடிப் போவது நடக்கிற காரியமா? அதற்காகவே உரிமத்தைத் தொகுத்து வழங்கும் அமைப்புகள் ஏற்பட்டன. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக எம்.ஏ.சி.பி. 1989இல் தொடங்கப்பட்டது. ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக பி.பி.எம். செயல்படுகிறது. பாடியவர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் தனி அமைப்பு உண்டு. உணவகங்கள், கடைகள், விருந்து மண்டபங்கள் ஆகியவை இவற்றிடம்தான் உரிமம் பெறுகின்றன.

தொழில் நடத்தும் நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்போட்டிஃபை போன்றவற்றுக்கு மாதந்தோறும் சந்தா கட்டுவது சொந்தமாகக் கேட்பதற்கு மட்டுமே. அதைக் கடையில் வாடிக்கையாளர்களுக்காக ஒலிக்கவிட அந்தச் சந்தா அனுமதி தராது.

கோயிலுக்கு விலக்கு இல்லையா?

உண்டு. இலாப நோக்கமில்லாத அமைப்பு, அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் பாட்டை ஒலிக்கச் செய்தால், நம் சட்டம் விலக்களிக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்த வேண்டும். டிக்கெட் விற்று நிதி திரட்டும் விருந்துக்கும் இசை இரவுக்கும் இவ்விலக்கைக் காட்ட முடியாது. கணக்கில் நீங்கள் பார்த்த கட்டணம் அத்தகைய நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்டதே. அன்றாடப் பூசைக்காக அல்ல.

நேரலை ஏன் நின்றுவிடுகிறது?

திருவிழா நேரலை பாதியில் மௌனமாகிவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். நடமாட முடியாத முதியோருக்கும் தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கும் அந்த நேரலைதான் தரிசனம். தீபாராதனை வேளையில் அது தடைபட்டால் மனம் எவ்வளவு வேதனைப்படும்!

யூடியூப் தளத்தில் 2007 முதல் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இயங்குகிறது. இசை நிறுவனங்கள் தந்த பதிவுகளோடு நம் ஒளிப்பதிவை இயந்திரமே ஒத்துப் பார்க்கிறது. பாடுவது கோயிலா, கேளிக்கை விடுதியா என்பது அதற்குத் தெரியாது. ஒத்துப்போனால் ஒலி தடுக்கப்படலாம், அல்லது விளம்பர வருமானம் உரியவருக்குப் போய்விடலாம். உரியவரே முறைப்படி புகார் செய்து, 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்துவிட்டால், நம் ஒளிவழியே நீக்கப்படலாம். பல ஆண்டுத் திருவிழாப் பதிவுகள் அதோடு மறைந்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

1. நேரலையின்போது ஒலிநாடா, குறுந்தட்டுப் பாடல்களை நிறுத்திவிட்டு, நாதஸ்வரம், தவில், ஓதுவார் குரல் ஆகியவற்றையே ஒலிக்கச் செய்தல்.

2. நடன நிகழ்ச்சிக்குப் பதிவுப் பாடல் வேண்டுமென்றால், அதன் பெயரையும் வெளியிட்டவரையும் முன்னரே குழுவிடம் எழுதிக் கொடுத்தல்.

3. மண்டபம் வாடகைக்கு எடுக்கும்போது, அங்குள்ள இசை உரிமம் நம் நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குதல்.

4. தவறான உரிமைக் கோரிக்கை வந்தால் பயந்து விடாமல் மறுப்புத் தெரிவித்தல். நம் ஓதுவாரின் குரலுக்கு வேறொருவர் உரிமை கொண்டாட முடியாது.

முதலாவது வழியால் நம் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் வேலை கிடைக்கும். பண்ணிசை வகுப்பில் பயிலும் பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்கும்.

இசைக்கான உரிமைத்தொகை வீணான செலவன்று. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் தம் வேங்கடேச சுப்ரபாதப் பதிவின் உரிமைத்தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்கே அளித்தார். உரிமை என்று ஒன்று இருந்ததால்தான் அது தருமமாக மாற முடிந்தது. பாட்டெழுதி, மெட்டமைத்து, முதுமையில் வருமானம் குன்றிய கலைஞருக்கும் அவர் குடும்பத்திற்கும் அந்தச் சிறு தொகை மருந்துச் செலவுக்கு ஆகலாம்.

சிவன் சொத்து குல நாசம் என்று நம் முன்னோர் எச்சரித்தார்கள். கோயில் சொத்தை எவரும் தொடலாகாது என்று காவல் நிற்கும் நாம், பிறர் சொத்தைக் கேளாமல் கோயிலுக்குள் கொண்டு வருவது முறையாகுமா? நீங்கள் மனமுவந்து தரும் ஒவ்வொரு வெள்ளியும் நேர்வழியில் செலவாக வேண்டும் என்பதே குழுவின் நோக்கம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நலமும் வளமும் பெற்று வாழ்க!