அரிசி மூட்டையும் வாக்குச் சீட்டும்

தேர்தல் நெருங்கினால் லயத்து வாசலுக்கு அரிசி மூட்டை வருவதுண்டு. அதை வாங்கலாமா?

1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி, வாக்குக்காகப் பணமோ பொருளோ கொடுப்பவர் மட்டுமல்லர், வாங்குபவரும் குற்றவாளியே. வேட்பாளரின் செலவுக்கும் அச்சட்டம் வரம்பு வைத்தது: சட்டமன்றத்துக்கு 100,000 வெள்ளி, நாடாளுமன்றத்துக்கு 200,000 வெள்ளி. ஆனால் அவ்வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு அல்ல. ஆகவே பணத்தைத் தடுக்கும் கடைசி வேலி நாமேதான்.

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னால், வீட்டு மனை கேட்டு நாம் போய் நிற்பது மாநில அரசின் வாசலில்தான். அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். சட்டமன்றத்தின் ஆயுளோ ஐந்து ஆண்டு வரை.

மூட்டை கொடுத்தவருக்கே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாக்கு இரகசியமானது.

2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகிறார்கள். நம் பிள்ளைகளின் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைப்போம். மூட்டையை மறுக்கும் துணிவையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.