வாப்பாவின் அழைப்பும் பிள்ளையின் உறக்கமும்



கல்வி உதவித்தொகை நேர்காணலில் நாம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால், தாய்மார்களின் பதில் பெரும்பாலும் செல்போனில் போய்த்தான் முடிகிறது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் உம்மா இவ்வருடம் சொன்னார்: “காக்கா, அது அவன் வாப்பா வாங்கிக் கொடுத்த போன். நான் எப்படிப் பிடுங்கி வைப்பேன்? ராத்திரி வாப்பா கூப்பிடுவாங்கன்னுதான் முழிச்சே இருக்கான்.”

இதைக் கேட்ட பிறகு, ‘போனைப் பூட்டி வையுங்கள்’ என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நம் வீடுகள் பலவற்றில் அந்தப் போனுக்குள்தான் வாப்பா இருக்கிறார். பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடமும் அதில்தான் வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். சவூதி, குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, அங்கே இரவு 9 மணிக்கு வாப்பா அழைத்தால் இங்கே 11.30. அதுவரை பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்குமா? கேம், ரீல்ஸ் என்று போகும். அழைப்பு முடிந்த பிறகும் அது தொடரும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓடும். நிறுத்துவதற்கான இடம் என்று ஒன்றை அதில் வைக்கவே இல்லை. 12.30க்குக் கண்ணயர்ந்த பிள்ளையை 5.30க்கு பஜ்ருக்கு எழுப்பினால் உறக்கம் 5 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது, 13 முதல் 18 வரை 8 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. வகுப்பில் தூங்கி வழிபவனை மந்தமானவன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அங்கே வெள்ளி விடுமுறை. ஜுமுஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு 2.30க்கு அழைத்தால் இங்கே மாலை 5 மணி. பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். வெள்ளியிலும் கடை திறக்க வேண்டியவர்கள் தமக்குத் தோதான வேறு நேரம் பார்க்கலாம். மற்ற நாட்களில் வாப்பா இரவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், பிள்ளை காலையில் எழுந்ததும் கேட்கட்டும். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. பெரிய பிள்ளைகளுக்கு அப்படி ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, போன் எதைத் தள்ளிவிட்டது என்று பார்ப்பதே மேல். உறக்கத்தையா, படிப்பையா, கடைக்குப் போய்வரும் வேலையையா, கூட்டாளியையா?

வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டதும் போன் உம்மாவின் கைக்குத் திரும்பட்டும். தண்ணீர் பிடிப்பது, காய்ந்த துணி மடிப்பது போன்ற வேலைகளைப் பையன்களிடமும் சொல்லுங்கள். போன் கொடுத்தால் தொல்லை இல்லை என்று வேலை வாங்குவதையே பலர் விட்டுவிட்டோம். (கூட்டங்களில் மேசைக்கடியில் வாட்ஸ்அப் பார்க்கும் நாமும் இதில் சேர்த்திதான்.)

கூட்டாளி விஷயம்தான் நமக்கு அதிகக் கவலை தருகிறது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவுட்டா இல்லையா என்று சண்டை வரும். ஆனால் பந்து வீச அவனும் வேண்டுமே! அதனால் அஸருக்குப் பின் போட்ட சண்டை மஃரிப் பாங்குக்குள் தீர்ந்துவிடும். போனில் பிடிக்காதவனை பிளாக் செய்துவிடலாம். சமாதானம் பேசும் பழக்கம் அங்கே வருவதில்லை.

பையன்களுக்காவது திடல் இருக்கிறது. பத்து வயதானதும் பெண்பிள்ளைகளை வெளியே விளையாட விடாமல் நிறுத்திவிட்டு, ‘எப்போதும் போனும் கையுமாக இருக்கிறாள்’ என்று குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. கூட்டாளியோடு பேச அவளுக்கு வேறு வழி எது?

எனவே சனி, ஞாயிறு நாட்களில் அஸர் முதல் மஃரிப் வரை மதரஸாவின் மாடிக் கூடத்தைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட எண்ணியிருக்கிறோம். கேரம், ஸ்கிப்பிங் கயிறு, கதைப் புத்தகங்கள் இருக்கும். போனைக் கீழே வைத்துவிட்டு வர வேண்டும். முறைவைத்து உடனிருக்க இரண்டிரண்டு தாய்மார்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்தாலும் இன்ஷா அல்லாஹ் தொடங்கிவிடலாம்.