வாசலைத் தாண்டிய வண்டி

1933-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்டும் ஹாரி ஜென்னிங்ஸும் மடக்கிக் காரில் வைக்கத்தக்க சக்கர நாற்காலியைச் செய்தார்கள். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த எவரெஸ்டுக்கு அது பயண வண்டி. எடை ஏறத்தாழ 22 கிலோ. அந்த வடிவம் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தபோது, வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் சாதனமாகச் சுருங்கியது. எல்லோருக்கும் ஒரே அளவு. போகும் திசை தள்ளுகிறவர் கையில்.

தானாக வெளியே போக விரும்பியவருக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. மனுக் கொடுத்தால் அரசு முகாமில் இலவசமாகக் கிடைக்கும். பஞ்சரானாலும் செயின் அறுந்தாலும் தெருமுனை சைக்கிள் கடையிலேயே சரியாகிவிடும். ஆனால் அது வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து தவழ்ந்து போகவேண்டும்; இல்லையென்றால் யாராவது தூக்கிவிடவேண்டும்.

2019-இல் சென்னை ஐஐடி 'அரைஸ்' என்ற நாற்காலியை வெளியிட்டது. அமர்ந்திருப்பவர் பிறர் உதவியின்றி அதிலேயே எழுந்து நிற்கலாம். நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதால் வரும் புண்ணுக்கும் இரத்த ஓட்டக் குறைவுக்கும் அது மாற்று. பின்னர், அந்த ஐஐடியிலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம், அமர்பவரின் உடலுக்கேற்ப 18 வகையில் திருத்தியமைக்கும் 'நியோஃப்ளை' நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டும் 'நியோபோல்ட்' மோட்டாரையும் கொண்டுவந்தது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. ஒருமுறை சார்ஜ் செய்தால் 30 கிலோமீட்டர் வரை ஓடும். அலுவலகம் வந்ததும் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் மேசை வரை போகலாம். 2025-இல் ஐஐடி வெளியிட்ட 'ஒய்டி ஒன்' நாற்காலியின் எடை 9 கிலோதான்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. அறிமுகமானபோது நியோஃப்ளையின் விலை 39,900 ரூபாய். மோட்டாருக்குத் தனியாக 55,000. மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்துக்கொண்ட கடைக்காரருக்கு லித்தியம் பேட்டரி அந்நியம். அன்று வண்டி எளிதாகக் கிடைத்தது, வாசலைத் தாண்டவில்லை. இன்று வாசலைத் தாண்டுகிறது, எளிதாகக் கிடைக்கவில்லை. புதிய வண்டிக்குப் பழைய விநியோகமும், பழைய சைக்கிள் கடைக்குப் புதிய தொழிலும் வந்துசேர்ந்தால்தான் இந்த மாற்றம் சிற்றூர்க்காரருக்கும் சொந்தமாகும்.